சகலைக்கு ஒரு நாற்காலி

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் வீடு போய்ச் சேர்ந்தது தெரிந்த பிறகுதான் எனக்கு மனசு ஆறியது. இங்கே நானும் இவரும் மகளும் சுகம். குண்டம்மாவும் சுகம். அவள் சுகமாக இருப்பது தெருக்கோடி வரைக்கும் கேட்கிறது. உன் இடுப்பு வலி தேவலையா? அத்தானுக்குத் தும்மல் நின்றதா?

என் பேத்தி குண்டம்மாவைப் பார்க்க நீங்கள் இரண்டு பேரும் வந்து தங்கிய நாட்கள் எப்படி ஓடின என்றே தெரியவில்லை. விமான நிலையத்தில் நம் ஆட்களைக் கவனித்தாயா? அத்தான் பெட்டியை இவர் பிடுங்கித் தூக்க, முட்டி இருக்கிற லட்சணத்தில் இது வேறா என்று அத்தான் மறுபடி பிடுங்க, பின்னால் நின்றவர்கள் அண்ணன் தம்பி என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒருவர் மேல் மற்றவர் வழக்குப் போட்டிருக்கிற சகலைகள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

வந்தவர்களிடம் வழக்கைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று இவர் தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் போனதும் மூடி திறந்துவிட்டது. அத்தான் பட்டறையில் செய்து அனுப்பிய உலர்த்தும் இயந்திரங்களைப் பொருத்திய நாளிலிருந்து எங்கள் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளின் ஓரம் கருகுகிறது. இவரைக் கேட்டால் இயந்திரத்தின் உருளை சரியில்லை. அத்தானைக் கேட்டால் நாங்கள் விடுகிற நீராவி அதிகம். ஆஸ்பத்திரிக்காரர்கள் யாரையும் கேட்கவில்லை, விரிப்புகளை வேறு சலவைக்காரரிடம் போட்டுவிட்டார்கள். துணி மடிக்கிற பெண்களில் பாதிப் பேரை நிறுத்த வேண்டி வந்தது. அவர்களிடம் அதைச் சொன்ன அன்று இவர் சாப்பிடவில்லை, அக்கா. கோபக்காரர்தான். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

போனில் பேசினால் நம் இரண்டு வீட்டிலும் ஓர் ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். பக்கம் மட்டும் புரளுவதில்லை. அதனால் போன் வீட்டுக்கு, கடிதம் நமக்கு. ஒரே நிபந்தனை, கடிதத்தில் வழக்கு வேண்டாம். அது அவர்கள் பாடு.

அத்தானை நான் கேட்டதாகச் சொல்.

உன் வாலு

&nbsp;

மார்ச் 3

என் வாலுக்கு,

இடுப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது, வலியும் அதை விட்டுப் போகவில்லை. தும்மல் நின்று இப்போது இருமல். மற்றபடி ஒரு குறையும் இல்லை. குண்டம்மா முகம் பார்த்துச் சிரிக்கிறாளா? மகளுக்குப் பசி எடுக்கிறதா?

வழக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டு முக்கால் பக்கம் வழக்கைத்தான் எழுதியிருக்கிறாய். எனக்கும் முக்கால் பக்கம் கொடு, அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒப்பந்தம் போட்டபோது எங்கள் வக்கீல் அம்மா ஒரு வரி சேர்த்தார். தகராறு வந்தால் யாரும் தங்கள் ஊர் கோர்ட்டுக்குப் போகக் கூடாது, இருவருக்கும் பொதுவாக மூன்றாவது நாட்டில் நடுவர்கள் முன்னால்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று. சகலைகளுக்குள் என்ன தகராறு வந்துவிடப் போகிறது என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார்கள். இப்போது உன் வீட்டுக்காரர் அந்த வரியைத் தாண்டிக் குதித்து உங்கள் ஊர் கோர்ட்டுக்குப் போய்விட்டார். நாம் அவருக்குப் பிரஷர் என்று பேர் வைத்தது சும்மாவா? நடுவர்களிடம் போவதென்றால் நாளாகும், செலவாகும், அந்த முட்டியோடு விமானம் ஏற வேண்டும். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவில்லை.

எங்களுக்கு நோட்டீஸ் வந்ததும் வக்கீல் அம்மா உன் அத்தானிடம் படித்துப் படித்துச் சொன்னார். அந்தக் கோர்ட் வாசப்படி ஏறாதீர்கள், ஏறி நின்று ஒரு வார்த்தை வாதாடினாலும் அந்தக் கோர்ட்டை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்று. இவரும் நன்றாகத் தலையாட்டினார். தலையாட்டிய மனுஷன் உங்கள் ஊருக்கு வந்து செய்ததை நினைத்தால் இன்னும் எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. டிரைவர் வரவில்லை, சகலைக்கு முட்டி வீங்கிவிட்டது, கோர்ட்டுக்கு நேரமாகிறது என்றதும் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாரே. தன் மேல் வழக்குப் போட்டவரைத் தானே கோர்ட்டுக்கு ஓட்டிக்கொண்டு போன ஆள் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். மகளுக்குச் சாப்பாட்டுப் பையோடு நீ பின்சீட்டில், கோர்ட்டுக்குள்ளும் அதே பையோடு நீ. உள்ளே போனால் உன் வீட்டுக்காரர் எழுந்து நிற்க முடியாமல் தடுமாற, இவர் தோள் கொடுக்க, அது யார் என்று நீதிபதி கேட்க, அவர்தான் எதிர்த்தரப்பு என்று குமாஸ்தா சொல்ல, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி இவரைக் கேட்டாராம். இவர் பணிவாக, 'ஐயா, இவரால நிக்க முடியல. ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க' என்றாராம். ஆஸ்பத்திரியில் மகள் கட்டில் பக்கத்தில் நின்று நீ இதைச் சொல்லிச் சிரித்த சிரிப்புக்கு நர்ஸ் வந்து நம்மைத் திட்டினாள்.

முக்கால் பக்கம் முடிந்தது. இங்கே எல்லாம் வழக்கம்போல. கீழே பட்டறையில் உருளை சுற்றினால் மேலே எங்கள் வீட்டில் டம்ளர் ஆடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டம் இல்லாமல் எனக்கு வீடே பிடிப்பதில்லை.

உன் வீட்டுக்காரர் முட்டிக்கு ஒத்தடம் கொடு. நான் சொன்னதாகச் சொல்லாதே, பிகு பண்ணுவார்.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 6

அன்புள்ள அக்கா,

எல்லோரும் இருக்கிறோம். உங்கள் சுகம் எழுது.

நிபந்தனையை நான்தான் போட்டேன், நானேதான் மீறுகிறேன். தீர்ப்பு வந்துவிட்டது. இவர் பக்கம். நஷ்டம் முழுவதையும் அத்தான்தான் ஈடு செய்ய வேண்டுமாம்.

இவர் ஒரு டப்பா இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். மேஜை மேலேயே இருந்தது. நானும் பிரிக்கவில்லை, அவரும் பிரிக்கவில்லை. கடைசியில் மடிக்கிற பெண்களிடம் கொடுத்துவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தவர், அண்ணனுக்கு, அதுதான் அத்தானுக்கு, ஒரு போன் போடட்டுமா என்று கேட்டார். என்ன சொல்வதற்கு என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

குண்டம்மா என் விரலைப் பிடித்தால் விடுவதில்லை.

உன் வாலு

&nbsp;

ஏப்ரல் 29

என் வாலுக்கு,

எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, நினைத்துத்தான் எழுதுகிறேன்.

கோர்ட் ஆள் வந்து பட்டறைக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். அங்கே வந்த தீர்ப்பை இங்கே நிறைவேற்றித் தரச் சொல்லி உன் வீட்டுக்காரர் மனுக் கொடுத்திருக்கிறார். முன்பெல்லாம் அந்த நாட்டுத் தீர்ப்பு அந்த நாட்டோடு நிற்கும். இப்போது இரண்டு அரசும் உடன்படிக்கை செய்திருக்கின்றன. ஒரு நாட்டு நீதிமன்றம் சொன்னதை மற்ற நாடு ஏற்று நடத்த வேண்டும். நடுவர்களிடம் போவதாக எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் விலக்கு உண்டு. ஆனால் அந்த வெளிநாட்டுக் கோர்ட்டில் போய் நின்று வழக்காடியவருக்கு அந்த விலக்கும் கிடையாது. இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லி முடித்துவிட்டு வக்கீல் அம்மா உங்கள் ஊர் கோர்ட்டின் பதிவை எங்கள் முன்னால் வைத்தார். எதிர்த்தரப்பு நேரில் வந்து தன் தரப்பைச் சொன்னது என்று அதில் இருக்கிறது.

நாம் சிரித்தோமே, அதுதான் வாலு. அந்த நாற்காலிதான்.

மனு அவர் பக்கம் போனால் பட்டறையும் போகும், மேலே இருக்கிற வீடும் போகும். எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது? நடுவர்களிடம் போயிருந்தால் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்திருப்பார்கள். யார் மேல் எவ்வளவு தப்பு என்று பார்த்துச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்வது எந்த நாட்டிலும் செல்லும், அதற்கு யாரும் மறுபேச்சுப் பேச முடியாதாம். இவர் மேல் தப்பு இருந்தால் கொடுத்துவிட்டுப் போகிறோம். ஒரு திருகாணியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் எல்லாவற்றையும் கொடு என்றால் எப்படி?

உன் அத்தான் யாரையும் திட்டவில்லை. திட்டினாலாவது தேவலை. இருமுவதைக்கூட அடக்கி அடக்கி இருமுகிறார்.

வக்கீல் அம்மா ஒரு கேள்வி கேட்டார். அன்றைக்கு அந்த அறையில் இவர் பேசியதை, சகலையைத் தவிர வேறு யாராவது காதால் கேட்டார்களா என்று. உன் அத்தான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. யாரும் இல்லை என்றார். வக்கீல் அம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குண்டம்மா குப்புறக் கவிழ்ந்தாளா? எழுது.

அக்கா

&nbsp;

மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. குண்டம்மா கவிழ்ந்துவிட்டாள். கவிழத் தெரிந்தது, திரும்பத் தெரியவில்லை. அதற்கும் நம்மையே கூப்பிடுகிறாள். மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள். எனக்குத்தான் கொஞ்ச நாளாக எதையும் வாயில் வைக்கப் பிடிக்கவில்லை. வெயில்தான் காரணம்.

இங்கே ஒரு விடுதியின் விரிப்புகள் புதிதாக வருகின்றன. நிறுத்திய பெண்களில் இரண்டு பேரைத் திரும்பக் கூப்பிட்டோம். அவர்களில் ஒருத்தி வந்ததும் வராததுமாக உன்னைக் கேட்டாள். இங்கே தங்கியிருந்தபோது அவளுக்கு விரிப்பை மூலை பிசகாமல் மடிக்கச் சொல்லிக் கொடுத்தாயாமே. என் கூடத்தில் வந்து நாட்டாமை பண்ணியிருக்கிறாய், என்னிடம் சொல்லவே இல்லை.

போன வாரம் எல்லோரும் போன பிறகு இவர் தனியாக நின்று நீராவியைக் குறைத்து இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார். நான் வாசலில் நின்றதைக் கவனிக்கவில்லை. விரிப்பை எடுத்து ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு நேராகப் படுக்கப் போய்விட்டார்.

உங்கள் ஊரில் கோர்ட்டுக்கு வெயில் கால விடுமுறை உண்டா? சும்மா கேட்டேன்.

உன் வாலு

&nbsp;

ஜூன் 15

என் வாலுக்கு,

சாப்பிடு. மற்றதெல்லாம் பிறகு.

விடுமுறை உண்டு. உன் வீட்டுக்காரர் கொடுத்த மனு ஆகஸ்டில் வருகிறது. இதை நீ சும்மா கேட்கவில்லை என்று எனக்குத் தெரியாதா? உன் மூக்கைத் துடைத்து வளர்த்தவள் நான்.

நேராகவே எழுதிவிடுகிறேன். நீ எதுவும் செய்யக் கூடாது. அத்தான் யாரும் இல்லை என்று சொன்னது மறந்துபோய்ச் சொன்னதில்லை. வெளியே வந்து படியிறங்கும்போது, 'அவளைக் கூட்டிட்டு வந்து அவ புருஷனுக்கு எதிரா நிறுத்தவா நான் பட்டறை வச்சேன்?' என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். நீ தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய முகம் அது. என் வீடு நிற்பதற்காக உன் வீடு ஆடக் கூடாது.

இரண்டு மூன்று வாடகை வீடு பார்த்தோம். ஒன்று நன்றாக வெளிச்சமாக இருக்கிறது. கீழே பட்டறை இல்லாமல் என்ன செய்வார் என்பதுதான் எனக்குக் கவலை. வீட்டைக் காட்டிய ஆளிடம், தரை எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டார் இவர். எதற்கு என்று அந்த ஆள் விழித்தான். சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

சகலைகள் இரண்டு பட்டால் வக்கீலுக்குக் கொண்டாட்டம் என்று வக்கீல் அம்மாவிடமே சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. அவருக்கும் கவலையாக இருக்கிறது போல.

உன் வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்தப் பெண்களை நிறுத்திய அன்று அவர் சாப்பிடவில்லை என்று நீ எழுதியதும் மனசில் இருக்கிறது. இரண்டும் இருக்கிறது. என்ன செய்ய?

அக்கா

&nbsp;

ஜூலை 4

அக்கா,

நாங்கள் நலம். நீங்கள் நலமாக இருங்கள்.

இனி ஆகஸ்ட் முடிகிற வரைக்கும் எனக்கு எழுதாதே, நானும் எழுத மாட்டேன். போனும் வேண்டாம். ஏன் என்று உன் வக்கீல் அம்மா சொல்வார். அவர் எண்ணை நானே தேடிப் பிடித்தேன், நீ கொடுக்கவில்லை, உனக்குத் தெரியாது. யார் கேட்டாலும் அப்படியே சொல்லலாம், உண்மையும் அதுதான்.

அத்தானைக் கோபப்பட வேண்டாம் என்று சொல்.

வாலு

&nbsp;

ஆகஸ்ட் 24

என் கண்ணு,

எப்படி இருக்கிறாய்? இந்த ஒரு வரியை எழுத இத்தனை நாள் விரலைக் கட்டிப்போட்டுக் காத்திருந்தேன். இன்று காலையில் வக்கீல் அம்மா, இனி எழுதலாம் என்றார்.

சாட்சி சொல்ல நீ எங்கள் கோர்ட்டின் வீடியோ திரையில் வந்தபோது முதலில் என் கண்ணில் பட்டது உன் கழுத்து எலும்பு. எப்படி மெலிந்துவிட்டாய். உன் பின்னால் வெள்ளைச் சுவர், முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர். நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். நீ இங்கே யார் யார் இருக்கிறோம் என்று தேடினாய், அங்கிருந்து உனக்கு நாங்கள் தெரியவில்லை போல. கையைத் தூக்கப் போனேன். உன் அத்தான் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் பக்கத்து வக்கீல் நல்ல கெட்டிக்காரர். நீ அக்காவுக்காகப் பொய் சொல்கிறாய் என்று எத்தனை விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார். இயந்திரத்தைப் பற்றி இவர் அங்கே ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையா? பேசவில்லை. கருகலைப் பற்றி? இல்லை. ஒப்பந்தத்தைப் பற்றி? இல்லை. பிறகு என்னதான் பேசினார்? நாற்காலி கேட்டார் என்று நீ சொன்னாய். கடைசியில் அவர் குரலை இறக்கி, 'உங்க வீட்டுக்காரருக்கு எதிரா எதுக்கும்மா இதைச் சொல்றீங்க?' என்றார்.

நீ டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாய். பிறகு சொன்னாயே, 'எதிரா சொல்லலைங்க. எங்க வீட்டுக்காரர் வலியில நின்னாரு. அதைப் பார்த்துப் பொறுக்காமத்தான் அத்தான் பேசினாரு. அதைச் சொல்லாம விட்டா நான் ரெண்டு பேருக்கும் எதிரா நடந்த மாதிரி ஆயிடும்.'

அவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நேற்று உத்தரவு. ஒருவருக்கு நாற்காலி கேட்டது வழக்காடியது ஆகாது என்றார் நீதிபதி. இவர் அந்தக் கோர்ட்டை ஏற்றுக்கொண்டார் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆகவே அங்கே சொன்ன தீர்ப்பு இங்கே செல்லாது, தகராறு இருந்தால் கையெழுத்துப் போட்டபடி நடுவர்களிடம் போங்கள் என்றார். உன் அத்தான் எழுந்து வெளியே போய்த் தாழ்வாரக் குழாயில் முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். கோர்ட் ஆள் வந்து தண்ணீரை நிறுத்தினார்.

வீடு இருக்கிறது, வாலு. கீழே உருளை சுற்றுகிறது. ஆனால் எனக்கு அந்தச் சத்தம் காதில் ஏறவில்லை. உன் வீட்டில் என்ன நடக்கிறது? உன்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறாரா? சாப்பிட்டாரா? நீ சாப்பிட்டாயா? இது மட்டும் எழுது, போதும்.

அக்கா

&nbsp;

செப்டம்பர் 18

என் வாலுக்கு,

நாங்கள் இருக்கிறோம். உன் பதில் வரவில்லை.

போன் செய்தால் மகள் எடுக்கிறாள். அம்மா கீழே சலவைக்கூடத்தில் இருக்கிறாள் என்கிறாள். எந்த நேரத்தில் செய்தாலும் கீழேயே இருக்கிறாய். குண்டம்மாவைப் போனில் கத்த விட்டாள். அவள் ஒருத்திதான் எனக்கு ஒளிக்காமல் பேசுகிறாள்.

என் மேல் கோபமா? நான் வேண்டாம் என்றுதானே சொன்னேன்? சொல்லிவிட்டு உள்ளுக்குள் உன் பேரையே நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மைதான். அது உனக்குத் தெரிந்துவிட்டது, உனக்கு எதுதான் தெரியாது. அந்தக் கோபம் என்றால் திட்டி எழுது. பக்கம் பக்கமாகத் திட்டு. சும்மா இருக்காதே.

அவர் உன்னை ஏதாவது சொல்கிறார் என்றால் அதையும் எழுது. நான் அடுத்த விமானத்தில் வந்து நிற்பேன், வழக்கு கிழக்கு எதையும் பார்க்க மாட்டேன்.

உன் அத்தான் வாசலிலேயே நின்று தபால்காரரிடம் தபால் வாங்குகிறார். கரண்ட் பில்லைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கீழே போகிறார்.

அக்கா

&nbsp;

அக்டோபர் 12

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் தங்கையின் வீட்டுக்காரர் எழுதுகிறேன். எனக்கு ரசீது எழுதித்தான் பழக்கம், கடிதம் எழுதிப் பழக்கமில்லை. முறை தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உடம்பெல்லாம் சௌக்கியம்தான்.

அவள் ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மேல் கோபமில்லை. நான் ஏதும் சொன்னேனா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சொன்னேன்.

சாட்சி சொல்வதற்கு முந்தின நாள், நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள். 'உங்களுக்குத் தெரியாம போய்ப் பேச எனக்கு மனசு வரல, அதனால சொல்றேன், நாளைக்கு நான் பேசப் போறேன்' என்றாள். அப்படியென்றால் உனக்கும் எனக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. 'நீங்களும் அங்கதான் இருந்தீங்க. அந்த நாற்காலியில உட்கார்ந்ததே நீங்கதான்' என்றாள். கணக்கு நோட்டை மூடி வைத்தேன். அங்கே பதிவில் எழுதியிருந்தது தப்பு என்று எனக்கும் தெரியும். என் பக்கத்துக்குத் தோதாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அவள் பேசிய அறைக்கு வெளியே நான்தான் உட்கார்ந்திருந்தேன். அது அவளுக்குத் தெரியாது. நான் வலியில் நின்றேன் என்று சொன்னது கதவு வழியாகக் கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி ஊரார் முன்னால் அவள் சொன்னது அது ஒன்றுதான்.

உத்தரவு தெரிந்த அன்று என்னிடம் வந்து, 'உங்களை மீறி ஒண்ணு செஞ்சிட்டேன். செஞ்சது சரிதான். ஆனா இன்னொண்ணு மீற மாட்டேன். நீங்களா எழுதுன்னு சொல்ற வரைக்கும் அக்காவுக்கு எழுத மாட்டேன்' என்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வீம்புதான், வேறென்ன. உங்கள் கடிதங்கள் வந்தன. என் எதிரிலேயே படித்தாள், மடித்து வைத்தாள், அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு குறை வைக்காமல் எல்லா வேலையும் செய்தாள். என்னிடம் சிரித்தும் பேசினாள். சண்டை போட்டிருந்தால் நானும் சமாளித்திருப்பேன்.

எழுது என்பது ஒரே ஒரு சொல். எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துவிட்டது. வெளியே வர மாட்டேன் என்கிறது. பிறவிக் குணம், நீங்களே அதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கை நான் விடவில்லை. நீராவியைக் குறைத்து ஓட்டிப் பார்த்தேன். கருகல் குறைந்தது, நிற்கவில்லை. ஆக என் மேலும் இருக்கிறது, அண்ணன் மேலும் இருக்கிறது. யார் மேல் எவ்வளவு என்று நடுவர்கள் சொல்லட்டும். பொறியாளரை அனுப்பி இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கச் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். வசந்தத்தில் கூடுகிறார்கள். அந்த ஊரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை சொல்லி வைத்திருக்கிறேன். பகலில் அண்ணனோடு மல்லுக்கு நிற்பேன், விட்டுக்கொடுக்க மாட்டேன். சாயங்காலம் நாலு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட வேண்டும். அண்ணன் செலவைப் பார்த்து வேறு இடத்தில் தங்கினால் எனக்குக் கெட்ட கோபம் வரும், சொல்லி வையுங்கள். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அண்ணன் எனக்குத் தசை இல்லை, பெண் எடுத்த வழியில் வந்த உறவுதான். ஆனாலும் ஆடுகிறது, என்ன செய்ய?

இதுவரை எழுதியதை அவளிடம் நீட்டினேன். நின்றபடியே படித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் பக்கத்துக்கு வந்துவிட்டாள். கண்ணை மட்டும் துடைத்துக்கொள்கிறாள். பேனாவையும் கொடுக்கப் போகிறேன். கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், அது அவளுக்கு.

தங்கள் தங்கையின் வீட்டுக்காரர்

&nbsp;

அக்கா, நீ நல்லா இருக்கியா?